லோட்டஸ் நோட்ஸை விட்டு ஷேர்பாயின்ட்டுக்கு: பாளையங்கோட்டையில் கேட்ட கேள்விகள்

இந்தத் தொழிலுக்கு வந்து இருபத்தைந்து வருடம். முதல் பதினைந்து வருடம் லோட்டஸ் நோட்ஸில், அதாவது கம்பெனிகள் பதிவேடும் டாகுமென்டும் வைத்துக்கொள்ளும் பழைய சாஃப்ட்வேரில், அப்ளிகேஷன் எழுதிச் சாப்பிட்டேன். பிந்திய பத்து வருடமாக அதே அப்ளிகேஷன்களைக் கழற்றி, அதே வேலைக்கான மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேரான ஷேர்பாயின்ட்டில் மாட்டிக்கொடுத்துச் சாப்பிடுகிறேன். இந்த வேலையில் மாட்டிக்கொண்ட நம்ம பக்கத்து ஆட்கள் ஒரு சனிக்கிழமை பாளையங்கோட்டையில் கூடிக் கேட்டதை, மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள். ஊரும் வேலையும் போதும்.

வள்ளியூர், காற்றாலைப் பராமரிப்பு நிறுவனம்: அண்ணாச்சி, எங்க சர்வரில் 140 டேட்டாபேஸ் இருக்கு. எதிலிருந்து ஆரம்பிக்க?

எது உயிரோடு இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்து தம்பி. சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவேடான லாக்கில் எந்த டேட்டாபேஸை யார் எத்தனை முறை திறந்தார்கள் என்ற கணக்கு கிடைக்கும். பாதிக்கு மேல் யாரும் தொடாமல் கிடக்கும், பந்தயம் வேண்டுமானாலும் கட்டுகிறேன். ஆனால் மூன்று மாத லாக்கை மட்டும் பார்த்துவிட்டு வெட்டிவிடாதீர்கள். உங்கள் தொழிலில் காற்று சீசனுக்கு முன் செய்யும் வருடாந்திரப் பராமரிப்புப் பட்டியல் வருடத்துக்கு ஒரு தடவைதான் திறக்கும். அதைச் செத்தது என்று தூக்கிப் போட்டால் சித்திரையில் உங்களைத் தேடுவார்கள்.

அதே தம்பி: ராதாபுரம் பக்கம் சில டவருக்கு அடியில் சிக்னலே கிடையாது. நோட்ஸில் லேப்டாப்பிலேயே அடித்து, ஆபீஸ் வந்து சர்வரோடு ரெப்ளிகேட் பண்ணுவோம், இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். இனி?

நோட்ஸின் உண்மையான பலமே இதுதான். இதற்கு இணையாக ஷேர்பாயின்ட்டில் தானாக எதுவும் வராது. ஆப் செய்வதற்கான மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸில் ஒரு மொபைல் ஆப் செய்து, பதிவைப் போனிலேயே சேமித்து, நெட் வந்ததும் அனுப்பவைக்கலாம். அதை நாம்தான் கட்ட வேண்டும். ஒரே பதிவை இரண்டு பேர் திருத்திவிட்டால் நோட்ஸ் இரண்டையும் வைத்துக்கொண்டு 'கான்ஃப்ளிக்ட்' என்று காட்டும். இங்கே யார் திருத்தியது நிற்கும் என்பதை நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஆஃப்லைனில் கொண்டுபோக ஆசைப்படாதீர்கள். தினசரிச் செக்லிஸ்ட் மட்டும் போதும். கியர்பாக்ஸில் ஆயில் கசியும் போட்டோவைச் சைட் ஆபீஸ் வந்து ஏற்றிக்கொள்ளலாம்.

கங்கைகொண்டான், ஐடி பூங்கா: சார், டாகுமென்ட் எல்லாம் வந்துவிட்டது, எண்ணிக்கையும் சரி என்று மாற்றிக்கொடுக்கிற டூல் சொல்கிறது. நம்பலாமா?

நம்பாதீர்கள். நானே இதில் அடி வாங்கியவன். ஒரு கம்பெனியின் ஒப்பந்த டேட்டாபேஸ். நோட்ஸில் டாகுமென்டுகளை வரிசையாகக் காட்டும் வியூவில் எண்ணினேன், ஷேர்பாயின்ட்டில் ஃபைல்களை வைக்கும் லைப்ரரியில் எண்ணினேன், சமமாக இருந்தது, கையெழுத்தும் வாங்கியாயிற்று. மூன்று வாரம் கழித்து எம்.டி.யின் செயலாளர் வந்து, "எங்க ஐயா மட்டும் பார்க்கிற ஃபைலெல்லாம் எங்கே?" என்றார்.

நடந்தது இதுதான். நோட்ஸில் ஒவ்வொரு டாகுமென்டுக்குள்ளும் 'ரீடர்ஸ்' என்று ஒரு ஃபீல்டு, அதாவது தகவல் கட்டம், வைக்கலாம். அதில் பெயர் இல்லாதவருக்கு அப்படி ஒரு டாகுமென்ட் இருப்பதே தெரியாது. டேட்டாபேஸின் மேனேஜருக்கும் தெரியாது. நான் எண்ணியதும் கொண்டுபோனதும் அந்தப் பட்டியலில் இல்லாத ஒரே லாகின் ஐடியில். பிறகு கணக்கு எப்படி உதைக்கும்? நல்லவேளை, பழைய சர்வரை இன்னும் காயலான் கடைக்குப் போடவில்லை.

அதனால் எண்ணும்போதும் எடுக்கும்போதும் ரீடர்ஸ் தடையையும் தாண்டிக் காட்டும் ஃபுல் ஆக்சஸ் அட்மினிஸ்ட்ரேஷனில் நுழையுங்கள். டேட்டாபேஸ் பிராப்பர்ட்டியில் காட்டும் மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள், வியூவோடு ஒப்பிட வேண்டாம். அப்போதும் என்கிரிப்ட் செய்த, அதாவது சாவி போட்டுப் பூட்டிய, ஃபீல்டு திறக்காது. அதற்குச் சாவி வைத்திருப்பவரின் ஐடி ஃபைல் வேண்டும், அவர் ரிட்டயர் ஆகும் முன்.

அனுமதிகளை அந்தப் பக்கம் அப்படியே இறக்குவது அடுத்த வம்பு. ஷேர்பாயின்ட்டில் ஐட்டம் ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி கொடுக்கலாம்தான். ஒரு லிஸ்டுக்கு, அதாவது பதிவுகளை வைக்கும் அட்டவணைக்கு, 50,000 வரை இடம் உண்டு, ஆனால் 5,000-க்குள் வைத்துக்கொள்ளும்படி மைக்ரோசாஃப்டே சொல்கிறது. நான் செய்வது: ரீடர்ஸ் ஃபீல்டில் எத்தனை விதமான பெயர்க் கூட்டு இருக்கிறது என்று முதலில் எண்ணுவேன். இருபதாயிரம் டாகுமென்ட் இருக்கும், கூட்டு என்னவோ முப்பது நாற்பதுக்குள் அடங்கிவிடும். பர்சேஸ், அக்கவுண்ட்ஸ், எம்.டி. ஆபீஸ் என்று லைப்ரரியைப் பிரித்துக் குரூப்புக்கு அனுமதி கொடுத்தால் முடிந்தது. இன்னொன்று, ஷேர்பாயின்ட்டில் ஒரு நெடுவரிசையை மட்டும் பூட்ட முடியாது. வியூவிலிருந்து மறைத்தால் பூட்டியதாகாது. சம்பளம் மாதிரி விஷயத்தைத் தனி லிஸ்டில் வையுங்கள்.

அதே கங்கைகொண்டான் பெண்: ஒரு டாகுமென்டுக்குள் இன்னொன்றின் லிங்க் இருக்கிறதே, அது?

உடையும். ஒவ்வொரு டாகுமென்டுக்கும் நோட்ஸ் தரும் தனி அடையாளமான 32 எழுத்து யூஎன்ஐடியையும் புதிய லிஸ்டில் ஒரு நெடுவரிசையாகக் கொண்டுவாருங்கள். எல்லாம் வந்து சேர்ந்தபின் இரண்டாவது சுற்றில் பழைய லிங்கைத் தேடிப் புதிய முகவரியை வையுங்கள். முதல் சுற்றிலேயே செய்ய முடியாது. சுட்டப்படும் டாகுமென்ட் அப்போது வந்தே இருக்காது.

அம்பாசமுத்திரம், நூற்பாலை பணியாளர் பிரிவு: தொழிலாளர் குறைப் பதிவேடு தமிழில் அடித்தது. சோதனைக்கு ஏற்றிப் பார்த்தால் எல்லாம் கிறுக்கலாக வருதே அண்ணாச்சி?

என்ன ஃபான்ட்டில் அடித்தீர்கள் என்றேன். பாமினி என்றார். நினைத்தேன். பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, அவ்வளவுதான். ஃபான்ட் போனால் தமிழும் போச்சு. எந்த ஃபான்ட்டிலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும்.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை, எழுத்துக்கு எழுத்து அட்டவணை இருக்கிறது. 'கொ' மாதிரி இடத்தில் கொம்பு முன்னால் அடிக்கப்பட்டிருக்கும், அதை எடுத்து 'க'வுக்குப் பின்னால் வைக்க வேண்டும். கன்வெர்ட்டர்கள் அதைச் செய்துவிடும். தொல்லை எங்கே என்றால், நடுநடுவே அடித்த ஆங்கிலத்தில். 'பிஎஃப்' என்று ஆங்கிலத்தில் இருப்பதையும் சேர்த்து மாற்றினால் அந்த எஃப் 'கு' ஆகிவிடும். ரிச் டெக்ஸ்ட் ஃபீல்டு என்றால் எந்தத் துண்டுக்கு எந்த ஃபான்ட் என்று உள்ளேயே எழுதியிருக்கும், பாமினித் துண்டை மட்டும் மாற்றலாம். சாதா டெக்ஸ்ட் ஃபீல்டில் அந்தத் தகவலே கிடையாது. பிஎஃப், ஈஎஸ்ஐ மாதிரி அடிக்கடி வருகிற சொற்களுக்கு ஒரு விலக்குப் பட்டியல் போட்டு, மீதியை ஒருவர் உட்கார்ந்து கண்ணால் பார்க்கத்தான் வேண்டும். பழைய எழுத்தையும் ஒரு தனி நெடுவரிசையில் விட்டுவையுங்கள். நாளைக்கு ஒரு தொழிலாளி லேபர் கோர்ட்டுக்குப் போனால், மூலத்தில் என்ன இருந்தது என்று கேட்பார்கள்.

பேட்டை, ஸ்டோர்ஸ் பொறுப்பாளர்: ஒரு லிஸ்டில் 5,000 ஐட்டத்துக்கு மேல் ஷேர்பாயின்ட் தாங்காது என்கிறார்களே?

தாங்கும். ஒரு லிஸ்டில் 3 கோடி ஐட்டம் வரை வைக்கலாம். இண்டெக்ஸ், அதாவது சட்டென்று தேட உதவும் அகரவரிசை மாதிரி ஒன்று, இல்லாத நெடுவரிசையை வைத்து வடிகட்டச் சொல்லி, அதற்காக அது 5,000-க்கு மேல் புரட்ட வேண்டி வந்தால்தான் முரண்டு பிடிக்கும். தேதி, பிரிவு, இன்டென்ட் (பொருள் கேட்புச் சீட்டு) நம்பர் மூன்றுக்கும் லிஸ்ட் காலியாக இருக்கும்போதே இண்டெக்ஸ் போட்டுவிடுங்கள். நிரம்பின பிறகு போடுவது, நெல் கொட்டின பிறகு பத்தாயத்துக்கு அடி மெழுகுகிற கதை.

முக்கூடல், பீடிக் கம்பெனி: எங்களிடம் நோட்ஸ் இல்லை, ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய டேட்டாபேஸ் சாஃப்ட்வேர். இலை, தூள் கொடுக்கிற கணக்கு. அதையும் ஷேர்பாயின்ட்டுக்கு மாற்றலாமா?

வேண்டாம். எந்தப் பீடிக் கடைக்கு எவ்வளவு இலை, எவ்வளவு தூள், திரும்பி வந்தது எத்தனை ஆயிரம், கழித்தது எவ்வளவு, கூலி எவ்வளவு என்பது ஒன்றோடொன்று கூட்டிக் கழிக்கிற கணக்கு. அதற்கு ஒழுங்கான டேட்டாபேஸ் வேண்டும். ஷேர்பாயின்ட் லிஸ்டில் போட்டால் முதல் வாரக் கூலி நாளிலேயே திணறும். ஃபாக்ஸ்ப்ரோவை விடுவது சரிதான். மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியோடு கையைக் கழுவிவிட்டது. எஸ்க்யூஎல் சர்வர் மாதிரி ஒன்றுக்குப் போங்கள். கடைக்காரர் ஒப்பந்தம், கடிதப் போக்குவரத்து, இதை மட்டும் ஷேர்பாயின்ட்டில் வையுங்கள்.

வண்ணாரப்பேட்டை: ஃபார்முக்கு மைக்ரோசாஃப்டின் பழைய ஃபார்ம் சாஃப்ட்வேரான இன்ஃபோபாத் பயன்படுத்தலாமா? ஏற்கெனவே தெரியும்.

வேண்டாம். 2013-க்குப் பிறகு அதற்குப் புதுப் பதிப்பே இல்லை, 2026 ஜூலை 14-தான் ஆதரவுக்குக் கடைசி நாள். ஒரு பழசிலிருந்து இன்னொரு பழசுக்குக் குடிபோக வேண்டாம். பவர் ஆப்ஸ் கற்றுக்கொள்ளுங்கள். ஷேர்பாயின்ட் லிஸ்டோடு பேசும் வரை மைக்ரோசாஃப்ட் 365 உரிமத்திலேயே அடங்கும். எஸ்க்யூஎல் சர்வரைத் தொட்டால் பிரீமியம், தனிக் காசு. இதைச் சொல்லாமல் கொட்டேஷன் கொடுப்பவரிடம் உஷார்.

ஜங்ஷன், ஆடிட்டர் அலுவலகம்: பதினெட்டு வருஷ வவுச்சர் டாகுமென்ட் இருக்கிறது. அத்தனையும் போக வேண்டுமா?

ஐயா, இதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களுக்கு எட்டு நிதியாண்டு. ஜிஎஸ்டிக்கு, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம். நடப்பு விஷயம் மட்டும் லிஸ்டாகப் போகட்டும். சட்டம் கேட்கிற மீதி வருடங்களைப் பிடிஎஃப் ஆக்கி ஒரு லைப்ரரியில் போட்டால் தேடலுக்குக் கிடைக்கும். வழக்கில் இருப்பதைத் தனியாக எடுத்துவையுங்கள். ஏற்றும்போது ஒன்று பார்க்க வேண்டும்: கவனிக்காவிட்டால் 'உருவாக்கியவர்' என்ற இடத்தில் மொத்தத்துக்கும் என் பெயர் விழுந்துவிடும். வேலையை விட்டுப் போனவரைப் புதிய அமைப்புக்கு அடையாளமே தெரியாது. ஆகவே பழைய பெயரையும் தேதியையும் வெறும் எழுத்தாக ஒரு தனி நெடுவரிசையில் கொண்டுவாருங்கள்.

தென்காசி: நோட்ஸிலேயே இருந்துவிட்டால் என்ன?

இருக்கலாம், குற்றமில்லை. 1989-இல் வந்த சரக்கு; 1995-இல் ஐபிஎம் கைக்குப் போனது, 2019-இல் எச்சிஎல் வாங்கியது, இன்னும் புதுப் பதிப்பு வருகிறது. எச்சிஎல் நிறுவனர் சிவ் நாடாருக்குப் பிறந்த ஊர் திருச்செந்தூர் பக்கத்து மூலைப்பொழி. அவர் பிறந்தபோது அதுவும் திருநெல்வேலி ஜில்லாதான். ஆக, நோட்ஸ் ஒரு வகையில் நம்ம ஊருக்கே வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் நோட்ஸுக்கு நிரல் எழுதும் மொழியான லோட்டஸ்ஸ்கிரிப்ட் எழுத ஆள் தேடிப் பாருங்கள், கிடைக்க மாட்டார்கள். நான் நோட்ஸை விட்டதற்குக் காரணம் அதுதான், சாஃப்ட்வேர் மேல் ஒரு குறையும் இல்லை.

களக்காடு, ஆலை கம்ப்யூட்டர் பொறுப்பாளர்: மாற்றும் நாளை எப்படிக் குறிக்க?

மார்ச் கடைசி கூடாது. காற்றாலைக்காரர்களுக்கு வைகாசி முதல் புரட்டாசி வரை கூடவே கூடாது. ஒரு சனி, ஞாயிறு எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி மாலை பழைய டேட்டாபேஸில் எல்லோரையும் 'ரீடர்' ஆக்கிவிடுங்கள். பார்க்கலாம், எழுத முடியாது. இரண்டையும் திறந்துவைத்து 'பழகட்டும்' என்று விட்டால் பாதிப் பேர் பழையதிலேயே எழுதுவார்கள், பிறகு இரண்டையும் சேர்த்துத் தைக்க வேண்டி வரும்.

ஃபார்மில் ஃபீல்டு வரிசையை மாற்றாதீர்கள். ஓர் ஆலையின் கேட்டில் காவலர் ஒற்றை விரலால் கேட் பாஸ் அடிப்பார்: லாரி நம்பர், டேப், பொதி எண்ணிக்கை, டேப், எடை. கண் திரையில் இருக்காது, லாரி மேலேதான். புது ஃபார்மில் அழகுக்காக எடையை மேலே தூக்கிவிட்டோம். திங்கட்கிழமை மத்தியானம் வரை வந்த லாரி ஒவ்வொன்றும் முப்பது, நாற்பது கிலோதான். எடை மேடைச் சீட்டுகளை வைத்து நானே உட்கார்ந்து திருத்தினேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.