மீல் டீல்: கல்லாவில் கழிவது எவ்வளவு, கையில் மிஞ்சுவது எவ்வளவு?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் கிழக்கு லண்டன் இல்ஃபோர்டில் வசிக்கிறேன். வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு அருகிலுள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டில் 4 பவுண்டு மீல் டீல் (ஒரு முதன்மை உணவு, ஒரு நொறுக்குத் தீனி, ஒரு பானம் மூன்றும் சேர்த்து ஒரே சலுகை விலை) வாங்கித்தான் மதிய உணவை முடித்துக்கொள்கிறேன். சென்ற வாரம் எனக்கும் என் தோழிக்குமாக இரண்டு மீல் டீல் எடுத்தேன். 8 பவுண்டு வர வேண்டிய இடத்தில் 10.75 பவுண்டு எடுத்துக்கொண்டார்கள். பின்னால் ஆட்கள் நின்றதால் பில்லைப் பார்க்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். பில்லின் படத்தை இணைத்திருக்கிறேன். கல்லாவில் இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது? அந்தப் பணம் திரும்பக் கிடைக்குமா? மாதம் 80 பவுண்டுக்கு மேல் இதற்கே போகிறதே என்று என் கணவர் வருத்தப்படுகிறார். சான்ட்விச்சைச் சாப்பிட்டாலும், சிப்ஸைப் பாதி நாள் மேஜையிலேயே வைத்துவிடுகிறேன். மீல் டீல் உண்மையிலேயே லாபம்தானா?

பதில்: சகோதரி, உங்கள் பில்லை வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். முதல் மூன்று வரிகளில் சான்ட்விச் 3.00, சிப்ஸ் 1.20, பழச்சாறு 1.80, ஆக 6 பவுண்டு. அதற்குக் கீழே ‘மீல் டீல்’ என்று போட்டு 2.00 பவுண்டு கழித்திருக்கிறார்கள். அது சரியான கணக்கு. அடுத்த மூன்று வரிகளில் பாஸ்தா சாலட் 3.40, முந்திரிப் பொட்டலம் 1.25, பழச்சாறு 2.10, ஆக 6.75 பவுண்டு, அதற்குக் கீழே கழிவு எதுவும் இல்லை. இரண்டு பழச்சாறுகளின் விலையைப் பாருங்கள். இரண்டாவது பாட்டில் 750 மில்லி லிட்டர் என்று பில்லிலேயே இருக்கிறது. அதே நிறுவனத்தின் அதே சாறுதான் என்றாலும், அந்தப் பெரிய பாட்டில் சலுகைப் பட்டியலில் இல்லை என்பதுதான் என் கணிப்பு. ஒரு பொருள் பட்டியலுக்கு வெளியே போனதால் மற்ற இரண்டும் முழு விலைக்கு வந்து, உங்களுக்கு 2.75 பவுண்டு கூடுதலாகச் செலவாகிவிட்டது.

கல்லாவிலுள்ள கணினிக்குச் சான்ட்விச் என்றோ பழச்சாறு என்றோ எதுவும் தெரியாது; அதற்குத் தெரிந்ததெல்லாம் பார்கோடு எண் மட்டும்தான். மீல் டீலுக்காகக் கடையின் தலைமை அலுவலகம் மூன்று பட்டியல்களை உருவாக்கி வைத்திருக்கும்: முதன்மை உணவு ஒன்று, நொறுக்குத் தீனி ஒன்று, பானம் ஒன்று. மூன்று பட்டியல்களிலிருந்தும் தலா ஓர் எண் ஒரே பில்லில் விழுந்தால்தான் கணினி அவற்றை ஒரு தொகுப்பாகக் கட்டி, தனி விலைகளின் கூட்டுத்தொகைக்கும் சலுகை விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிக்கும். எந்த வரிசையில் ஸ்கேன் செய்கிறீர்கள் என்பது பொருட்டல்ல. ஆனால் அளவு மாறிய பாட்டில், பக்கத்துத் தட்டிலிருந்து இடம் மாறி வந்த சாலட், இன்று காலாவதியாகிறது என்று மஞ்சள் ஒட்டுச்சீட்டுப் போட்டு வேறு பார்கோடு ஒட்டிய சான்ட்விச் ஆகியவை பட்டியலுக்கு வெளியே போய்விடக்கூடியவை. சில கடைகளில் பிரீமியம் மீல் டீல் என்று தனியாக ஒன்று கூடுதல் விலைக்கு இருக்கிறது. அதற்குரிய சான்ட்விச் ஒன்றைத் தெரியாமல் எடுத்துவிட்டால் தொகுப்பு அமைந்தாலும் விலை ஏறிவிடும்.

கழிவு எந்த நேரத்தில் திரையில் தெரியும் என்பதும் கடைக்குக் கடை மாறும். சில இடங்களில் மூன்றாவது பொருள் விழுந்தவுடனேயே தெரிந்துவிடும். சில இடங்களில் பணம் செலுத்தும் பொத்தானை அழுத்திய பிறகே தெரியும். எப்படியானாலும் கார்டை வைப்பதற்கு முன் திரையிலுள்ள மொத்தத் தொகையைப் பாருங்கள். உங்களைப் போல இரண்டு பேருக்கு வாங்குகிறவர்கள் ‘இரண்டு நான்கு எட்டு’ என்று மனத்தில் சொல்லிக்கொண்டே கல்லாவுக்குப் போனால் போதும். எண் ஒத்துவராவிட்டால் அங்கேயே ஊழியரைக் கூப்பிடலாம். பின்னால் நிற்பவர்கள் காத்திருக்கட்டும்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கழிக்கப்படும் தொகை பில்லில் ஒரே வரியாகத் தெரிந்தாலும், உள்கணக்கில் அது பொருட்களுக்கிடையே பகிர்ந்து வைக்கப்படுகிறது. பிரிட்டனில் குளிர்ந்த சான்ட்விச்சுக்கு வாட் (மதிப்புக் கூட்டு) வரி பூஜ்யம், சிப்ஸுக்கும் பழச்சாற்றுக்கும் 20 சதவீதம் என்பதால் கடைக்கு இந்தப் பகிர்வு கட்டாயம் தேவைப்படுகிறது. உங்களுக்கும் இதனால் ஒரு விளைவு உண்டு. உங்கள் முதல் தொகுப்பில் 6 பவுண்டில் 2 பவுண்டு கழிந்தது, அதாவது மூன்றில் ஒரு பங்கு. தனி விலைகளின் விகிதப்படி பகிரும் கடையில் அந்தச் சான்ட்விச் கெட்டுப்போயிருந்தது என்று திருப்பிக் கொடுத்தால் 3 பவுண்டு கிடைக்காது, 2 பவுண்டுதான் கிடைக்கும். அது ஏமாற்று அல்ல. நீங்கள் அதற்குக் கொடுத்த விலையே அவ்வளவுதான்.

மீல் டீலைவிட ‘மூன்று வாங்கினால் அதில் ஒன்று இலவசம்’ வகைச் சலுகையில்தான் கணக்குத் தெரியாததால் அதிகப் பணம் போகிறது என்பது என் அனுபவம். நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். 4 பவுண்டு ஷாம்பு மூன்றும் 1 பவுண்டு சோப்பு மூன்றும் ஒரே சலுகையின் கீழ் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த பொருள்தான் இலவசம் என்பது நிபந்தனை. ஆறையும் ஒரே பில்லில் போட்டு, ஆறிலும் விலை குறைந்த இரண்டைக் கழிக்கும்படி கணினி அமைக்கப்பட்டிருந்தால் உங்களுக்குக் கழிவது இரண்டு சோப்பு, அதாவது 2 பவுண்டு. அதையே மூன்று ஷாம்புவை ஒரு பில்லாகவும் மூன்று சோப்பை மற்றொரு பில்லாகவும் பிரித்துப் பணம் கட்டினால் முதல் பில்லில் 4, இரண்டாவதில் 1, ஆக 5 பவுண்டு கழியும். வாடிக்கையாளருக்கு ஆதாயமான முறையில் தானே தொகுத்துக் கொடுக்கும் கல்லாக்களும் உண்டு. எது எப்படி என்று வெளியிலிருந்து தெரியாது என்பதால் விலை வித்தியாசம் பெரிதாக இருக்கும்போது பில்லைப் பிரிப்பதே பாதுகாப்பு. (உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்த உணவுகளுக்கு இங்கிலாந்தின் நடுத்தர, பெரிய கடைகளில் 2025 அக்டோபர் 1 முதல் இத்தகைய சலுகைகள் தடை செய்யப்பட்டுவிட்டன. மீல் டீல் அந்தத் தடைக்குள் வரவில்லை. ஆகவேதான் சிப்ஸ் இன்னும் அந்தத் தட்டில் இருக்கிறது.)

இனி லாபமா என்ற கேள்விக்கு வருகிறேன். ‘நீங்கள் 2 பவுண்டு சேமித்தீர்கள்’ என்று பில் சொல்வது, மூன்றையும் தனித்தனியாக முழு விலைக்கு வாங்கியிருப்பீர்கள் என்ற அனுமானத்தில். நீங்கள் அப்படி வாங்கியிருப்பீர்களா? சிப்ஸைப் பாதி நாள் சாப்பிடுவதே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சலுகை என்று ஒன்றே இல்லாதிருந்தால் உங்கள் கை எதை எடுத்திருக்கும் என்பதுதான் சரியான அளவுகோல். சான்ட்விச் மட்டும் எடுத்து, அலுவலகத் தண்ணீரைக் குடித்திருப்பீர்கள் என்றால் செலவு 3 பவுண்டு; மீல் டீல் 4 பவுண்டு. அன்று நீங்கள் 2 பவுண்டு சேமிக்கவில்லை, 1 பவுண்டு கூடுதலாகச் செலவழித்திருக்கிறீர்கள். ஆண்டுக்கு 230 வேலை நாள் என்று கொண்டால் அது 230 பவுண்டு. மாறாக, சான்ட்விச்சும் சிப்ஸும் கட்டாயம் வேண்டும் என்கிற நாளில் தனி விலையே 4.20 பவுண்டு ஆகிவிடுகிறது; அன்று பானத்தைத் தோழிக்குக் கொடுத்துவிட்டாலும் மீல் டீல்தான் மலிவு. ஆகவே தட்டின் முன் நிற்கும்போது நீங்கள் உண்மையில் சாப்பிடப்போகிற பொருட்களின் தனி விலையை மட்டும் கூட்டுங்கள். 4 பவுண்டைத் தாண்டினால் சலுகையை எடுங்கள், தாண்டாவிட்டால் விடுங்கள்.

உங்கள் கணவரின் வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது. மாதம் 21 நாள் என்றால் 84 பவுண்டு. முழுவதையும் நிறுத்துங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிப்பட்ட தீர்மானங்கள் இரண்டு வாரம் தாங்குவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் தயிர்சாதமோ எலுமிச்சைச் சாதமோ டப்பாவில் எடுத்துப்போங்கள். அரிசி, தயிர், எரிவாயு எல்லாம் சேர்த்துத் தாராளமாக 1 பவுண்டு என்று வைத்தாலும் நாளுக்கு 3 பவுண்டு மிஞ்சும். விடுமுறை போக ஆண்டுக்கு 46 வாரம் என்றால் 92 நாள், 276 பவுண்டு. மீதி மூன்று நாளும் நிம்மதியாகக் கடையில் வாங்குங்கள்.

மீல் டீலின் விலை நிலையானதல்ல என்பதையும் கவனத்தில் வையுங்கள். எல்லோரும் அறிந்த உதாரணம் டெஸ்கோ: அந்தக் கடையின் வாடிக்கையாளர் அட்டையான கிளப்கார்டு வைத்திருப்பவர்களுக்கு நீண்ட காலம் 3 பவுண்டாக இருந்தது 2022 அக்டோபரில் 3.40 ஆனது, 2024 ஆகஸ்டில் 3.60, 2025 ஆகஸ்டில் 3.85. கார்டு இல்லாதவர்களுக்கு அப்போது 4.25. அந்த 40 பென்ஸ் வித்தியாசம் 230 நாளுக்கு 92 பவுண்டு ஆகிறது. கார்டு இலவசம்தான், நீங்கள் வழக்கமாக வாங்கும் கடையில் கார்டு விலை இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பணம் செலுத்துவதற்கு முன் எந்தக் கட்டத்தில் கார்டை ஸ்கேன் செய்தாலும் கழிவு வந்துவிடும். புள்ளிகளைப் பெரிதாக எண்ணவேண்டாம்: கிளப்கார்டில் 1 பவுண்டுக்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளிக்கு 1 பென்ஸ். 3.85 பவுண்டுச் சாப்பாட்டுக்குக் கிடைப்பது 3 பென்ஸ்.

கார்டு விலை என்பதே பொய், வழக்கமான விலையை ஏற்றிவிட்டுக் குறைப்பதுபோல் காட்டுகிறார்கள் என்று பலர் என்னிடம் சொல்வதுண்டு. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் கார்டு விலையில் விற்கப்பட்ட சுமார் 50,000 மளிகைப் பொருட்களை ஆராய்ந்து, 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. 92 சதவீதப் பொருட்களில் வழக்கமான விலையைவிட உண்மையாகவே குறைவு இருக்கிறது என்பது அதன் முடிவு. அதே ஆணையம் கார்டு விலைதான் சந்தையிலேயே மலிவு என்று நினைக்கவேண்டாம், மற்ற கடைகளையும் பாருங்கள் என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக அந்த 2.75 பவுண்டு. தட்டிலுள்ள விலைச்சீட்டு, சட்டத்தின் பார்வையில் கடைக்காரர் நம்மை வாங்க அழைக்கும் அழைப்பு மட்டுமே. ஒப்பந்தம் கல்லாவில்தான் உருவாகிறது. எட்ஜ்வேரிலிருந்த பூட்ஸ் என்ற மருந்துக்கடை தொடர்பாக 1953-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் நிலைபெற்ற கொள்கை இது. ஆகவே தட்டில் தவறான விலை இருந்தது என்பதற்காக அந்த விலைக்கே விற்றாக வேண்டும் என்று கல்லாவில் வற்புறுத்த முடியாது. ஆனால் தவறான விலையைக் காட்டி வாங்க வைப்பது சட்டவிரோதம்; 2025 ஏப்ரல் 6 முதல் இது 2024-ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் சட்டத்தின் கீழ் வருகிறது. எனவே உங்கள் விஷயத்தில் முக்கியமான கேள்வி, அந்தப் பெரிய பாட்டில் இருந்த இடத்தில் ‘மீல் டீல்’ என்று சீட்டு இருந்ததா என்பதுதான். நாளை மதியம் போகும்போது அந்தத் தட்டைப் பாருங்கள். சீட்டு இருந்தால் கைபேசியில் படம் எடுத்து, பில்லுடன் வாடிக்கையாளர் சேவை மேஜையில் காட்டுங்கள். பெரும்பாலும் பேச்சில்லாமல் கொடுத்துவிடுவார்கள். மறுத்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் எனப்படும் வணிகக் கண்காணிப்பு அதிகாரிகளுக்குத் தகவல் போவது அந்த வழியாகத்தான். சீட்டு இல்லாமல், சிறிய பாட்டில்களுக்குப் பக்கத்தில் அது வெறுமனே நின்றிருந்தது என்றால் உரிமை என்று கேட்க முடியாது. அப்போதும் நடந்ததைப் பணிவாகச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். தினமும் வரும் வாடிக்கையாளரின் 2.75 பவுண்டைத் திருப்பிக் கொடுக்க மேலாளருக்கு மனமிருக்கலாம்.