கருவூலப் பணம், கட்சிப் பணம்: கேள்விகளும் பதில்களும்

மாநிலக் கருவூலத்தில் பில் பார்த்தே வயதானவன் நான். இரண்டு சட்டமன்றத் தேர்தல்களில் வேட்பாளர்களின் செலவுக் கணக்கைப் பார்க்கும் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். தமிழ்நாட்டில் அரசுப் பணமும் தேர்தல் பணமும் எப்படி ஓடுகின்றன என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். எந்தக் கட்சி யோக்கியம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். அதற்குக் கருவூலத்தில் பதிவேடு கிடையாது.

கல்லூரி மாணவி, திருச்சி: சார், கடையில் ஒரு பொருள் வாங்கினால் அதில் போகும் வரி எங்கே போய்ச் சேருகிறது?

ஜி.எஸ்.டி. என்றால் பாதி மாநிலத்துக்கு, பாதி மத்திய அரசுக்கு. பில்லை எடுத்துப் பாரம்மா, இரண்டு வரியாகவே அச்சிட்டிருப்பார்கள். மாநிலப் பாதி நேராக மாநிலத்தின் தொகுப்பு நிதிக்குள் விழும். மத்தியப் பாதி கொஞ்சம் சுற்றி வரும். மாநிலங்களோடு பகிர வேண்டிய வரித் தொகுப்பில் 41 சதவீதத்தை 2021-26 காலத்துக்கு எல்லா மாநிலங்களுக்குமாகப் பிரிக்கச் சொன்னது, வரிப் பங்கைப் பரிந்துரைக்கும் பதினைந்தாவது நிதிக்குழு. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். கணக்குப் போட்டால், அந்தத் தொகுப்பின் ஒவ்வொரு 100 ரூபாயிலும் அந்தக் காலத்தில் நமக்கு வந்தது சுமார் 1 ரூபாய் 67 காசு. செஸ், சர்சார்ஜ் என்று வரிக்கு மேல் வரியாக வசூலாவது அந்தத் தொகுப்பிலேயே சேராது. மாநிலங்கள் சத்தம் போடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

2025-26 பட்ஜெட்டில் மாநிலத்தின் வருவாய் வரவு சுமார் 3.31 லட்சம் கோடி ரூபாய். அதில் சுமார் 2.20 லட்சம் கோடி நம்முடைய சொந்த வரி, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. வருவாய்ச் செலவு வரவைவிட 41,000 கோடிக்கு மேல் கூடுதல். அந்தப் பள்ளத்தைக் கடன்தான் நிரப்புகிறது.

உள்ளே போன பணம் சட்டமன்றம் ஓட்டுப் போடாமல் வெளியே வராது. துறைவாரியாகப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை, கடைசியில் அதையெல்லாம் சேர்த்து நிதி ஒதுக்கச் சட்டம். முதலமைச்சரே கையெழுத்துப் போட்டு அனுப்பினாலும், ஒதுக்கீடு இல்லாத தலைப்பில் வந்த பில்லைத் திருப்பி அனுப்புவதுதான் எங்கள் வேலை. திருப்பி அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு!

சிறு கடைக்காரர், விருதுநகர்: டாஸ்மாக் பணத்தில்தான் மகளிர் உரிமைத் தொகை கொடுக்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

பானைக்குள் ஊற்றிய பிறகு எது கிணற்றுத் தண்ணீர், எது மழைத் தண்ணீர் என்று பிரிக்க முடியாது அண்ணாச்சி. மது விற்பனையில் கலால் வரியும் மதிப்புக் கூட்டு வரியுமாக 2023-24இல் அரசுக்கு வந்தது சுமார் 45,855 கோடி. உரிமைத் தொகைக்கு 2025-26இல் ஒதுக்கியது 13,807 கோடி. இதிலிருந்து அதற்கு என்று தனிக்குழாய் எதுவும் இல்லை. ஆனால் மது வருமானம் நாளைக்கே நின்றால் ஏதோ ஒரு செலவு விழும், அல்லது வேறொரு வரி ஏறும். அதை யாரும் மறுக்க முடியாது.

ஊராட்சி வார்டு உறுப்பினர், பெயர் வேண்டாம் என்றார்: எம்.எல்.ஏ. தொகுதி நிதி அவர் கைக்கே வருமா?

வராது. வருஷத்துக்கு 3 கோடி. எந்த வேலை என்று அவர் பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். அனுமதி கொடுப்பது மாவட்ட ஆட்சியர். மொத்தம் 234 தொகுதிக்கு 702 கோடி. நிழற்குடையில் எம்.எல்.ஏ. பெயரைப் பெரிதாக எழுதிக்கொள்கிறார்கள். பணம் நம் எல்லோருடையதும்.

பொறியியல் படித்தவர், சேலம்: டெண்டரெல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டதே, இனி எப்படிக் கமிஷன் அடிக்க முடியும்?

தம்பி, டெண்டர் என்பது வாசல்தான். 1998இல் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது, பிறகு இணையம் வந்தது, வாசலில் விளக்கு எரிகிறது. நான் பார்ப்பது வீட்டுக்குள். ஒரே ஆள் மட்டும் கேட்டு, அவருக்கே போன வேலைகள் எத்தனை? ஒரே சாலையை ஏன் மூன்று துண்டாக வெட்டி மதிப்பிட்டிருக்கிறார்கள்? வேலை பாதியில் இருக்கும்போது 'கூடுதல் பணி' என்று எவ்வளவு சேர்த்தார்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக எம்-புக் என்கிற அளவுப் புத்தகம். பில் பாஸாவது அதில் எழுதிய அளவை வைத்துத்தான். ஜல்லி எத்தனை சென்டிமீட்டர் என்று அதில் எழுதிவிட்டால், ரோட்டைத் தோண்டிப் பார்க்கிறவரைக்கும் அதுதான் உண்மை.

டீக்கடை நடத்துபவர், மதுரை: சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல் செலவு பண்ணக் கூடாதாம். எங்க பக்கம் ரெண்டு வார்டுக்கே பத்தாதே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

2022இல் 40 லட்சமாக உயர்த்தினார்கள். மக்களவைக்கு 95 லட்சம். வேட்பாளர் தனி வங்கிக் கணக்கு தொடங்கி அதன் வழியாகத்தான் செலவழிக்க வேண்டும். ஒருவருக்கு ரொக்கமாக 10,000க்கு மேல் கொடுக்கக் கூடாது. முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் தகுதியிழப்பு. நாங்களும் சும்மா இருக்கமாட்டோம். கூட்டத்தை வீடியோ எடுப்பார்கள், அதை ஓட்டிப் பார்த்து நாற்காலி, கொடி, மைக், வண்டி எல்லாம் எண்ணி 'நிழல் பதிவேடு' ஒன்று எழுதுவோம். வேட்பாளர் காட்டும் கணக்கை அதோடு ஒப்பிடுவோம்.

ஒவ்வொரு பொருளுக்கும் என்ன விலை போடுவது என்று கட்சிக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசி மாவட்ட அளவில் ஒரு பட்டியல் போடுவார்கள். நான் இருந்த கூட்டத்தில் ஜென்மப் பகையாளிக் கட்சிகளெல்லாம் ஒரே குரலில் பேசியது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்: பிரியாணி விலையைக் குறைக்க வேண்டும். தட்டு விலை குறைந்தால் கணக்கில் செலவு குறையும் இல்லையா. அவர்கள் சொன்ன விலைக்கு எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒரு இளம் அதிகாரி அப்பாவியாகக் கேட்டுவிட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சரி, ஓட்டை எங்கே? வரம்பு வேட்பாளருக்கு மட்டும்தான், கட்சிக்கு இல்லை. தலைவர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினாலும், அங்கீகாரம் பெற்ற கட்சியின் 40 நட்சத்திரப் பேச்சாளர்களில் அவர் ஒருவர் என்றால் பயணச் செலவு கட்சிக் கணக்கில் போகும். மேடையில் வேட்பாளர் கூட நின்றாலோ அவர் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்டாலோதான் கூட்டச் செலவில் பங்கு அவர் தலையில் விழும். கட்சிச் செலவுக்கு உச்சவரம்பு வைக்காதவரை இந்த 40 லட்சம், சுவர் இல்லாத வீட்டுக்குப் போட்ட பூட்டு.

வங்கி ஊழியர், கோவை: தேர்தல் பத்திரம் ரத்தான பிறகு இப்போது நன்கொடை எப்படிப் போகிறது ஐயா?

முதலில் பழைய கதை. 2018இல் தொடங்கிய திட்டம். பாரத ஸ்டேட் வங்கியில் 1,000 ரூபாய் முதல் 1 கோடி வரை பத்திரம் வாங்கி, 15 நாளுக்குள் கட்சி மாற்றிக்கொள்ளலாம். கொடுத்தவர் பெயர் மக்களுக்குத் தெரியாது. லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கம்பெனி நன்கொடை தரக் கூடாது என்றிருந்த வரம்பையும் 2017இலேயே எடுத்துவிட்டார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இரண்டையும் செல்லாது என்றது.

மார்ச்சில் பத்திரம் வாங்கியவர்கள் பட்டியல் வெளியானபோது அதிகம் வாங்கியிருந்தது உங்கள் ஊரைச் சேர்ந்த ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி. லாட்டரி கம்பெனி. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003இலேயே தடை, ஆனாலும் பெரிய வள்ளல் இங்கிருந்துதான்! கட்சிகள் பக்கம் பார்த்தால், வெளியான காலத்துக்கு மட்டும் பா.ஜ.க.வுக்கு 6,000 கோடிக்கு மேல். தி.மு.க. தனக்கு வந்த 656.5 கோடியில் 509 கோடி ஃபியூச்சர் கேமிங் கொடுத்தது என்று தேர்தல் ஆணையத்திடம் தானே சொல்லியிருந்தது. அ.தி.மு.க.வுக்கு 6.05 கோடி. மார்க்சிஸ்ட் கட்சி வாங்கவில்லை, வழக்குப் போட்டவர்களில் அதுவும் ஒன்று.

இப்போது காசோலை, வங்கிப் பரிமாற்றம், அப்புறம் கம்பெனிகளிடம் நன்கொடை வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தேர்தல் அறக்கட்டளைகள். இந்த அறக்கட்டளைகள் 2013 முதலே உண்டு. ஒரு வருஷம் வாங்கியதில் 95 சதவீதத்தையாவது அந்த வருஷமே கட்சிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். யார் கொடுத்தார், எந்தக் கட்சி வாங்கியது என்ற இரண்டு பட்டியலும் வெளியே வரும். ஆனால் பத்துக் கம்பெனி கொடுத்து ஐந்து கட்சிக்குப் போனால், யார் பணம் யாருக்கு என்பது நமக்குத் தெரியாது. பத்திரத்தைவிட மேல். அதற்கு மேல் புகழ மாட்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்: ஒரு கட்சிக்கு 500 ரூபாய் கொடுத்தேன். என் பெயர் வெளியே வருமா?

வராதம்மா. வருஷத்துக்கு 20,000க்கு மேல் கொடுத்தவர் பெயரைத்தான் தேர்தல் ஆணையத்துக்குக் காட்ட வேண்டும். ரொக்கமாக வாங்குவதற்கு 2,000 ரூபாய் வரம்பு. அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கட்சியின் வரிவிலக்குக்கு ஆபத்து.

அதே ஊர், வேறொருவர்: ஓட்டுக்கு 500 ரூபாய் லஞ்சம், ஓட்டு வாங்க மிக்ஸி கொடுத்தால் நலத்திட்டமா?

சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 2006இல் தி.மு.க.வின் கலர் டி.வி., 2011இல் அ.தி.மு.க.வின் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வாக்குறுதிகளை எதிர்த்துப் போன வழக்கில், தேர்தல் அறிக்கை வாக்குறுதி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வித்தியாசம் எதில் என்றால், மிக்ஸிக்குச் சட்டமன்றம் ஓட்டுப் போட்டிருக்கிறது, தணிக்கைத் துறை கணக்குக் கேட்கலாம். கவரில் வரும் பணத்தை எந்தக் கணக்கில் தேடுவது? உங்கள் ஊருக்கே தெரியுமே, 2016இல் தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் பணத்தால் தேர்தல் நின்றது. 2017இல் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதி. வாங்குபவருக்கும் தண்டனை உண்டு, ஒரு வருஷம் வரை.

மாட்டு வியாபாரி, பொள்ளாச்சி: சந்தைக்குக் கொண்டுபோன பணத்தைப் பறக்கும் படை பிடிச்சுட்டா என்ன பண்றது?

தேர்தல் நேரத்தில் 50,000க்கு மேல் கையில் இருந்தால் பேங்கில் எடுத்த சீட்டோ, போன சந்தையில் விற்ற ரசீதோ கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பிடித்துவிட்டால் முதலில் ரசீது கேட்டு வாங்குங்கள், பணம் கருவூலத்துக்குத்தான் வரும். மாவட்டத்தில் இதற்கென்றே மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. அந்த உத்தரவிலேயே யாரிடம் முறையிட வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். நான் இருந்த இடத்தில் ஒரு பெரியவர் மூன்று நாள் வந்து போனார். கையில் ஆதாரம் என்று இருந்தது, மாடு விற்றவர் சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்த கணக்கு மட்டும்தான். விற்றவரையே நான்காம் நாள் நேரில் கூட்டி வந்தார், பணம் கிடைத்தது. அதற்குள் சந்தை முடிந்திருந்தது.