ஓப்பன் ஃபில்டர் போடப் போகிறீர்களா? முதலில் ஒரு வாரம் வெப்பத்தைக் கவனியுங்கள்

கேள்வி: "என்னிடம் பெரோடுவா மைவி 1.5 கார் இருக்கிறது. வாரண்டி இன்னும் முடியவில்லை. தினமும் ரவாங்கிலிருந்து பங்சாருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டு, பெட்டியில்லாத ஓப்பன் ஃபில்டர் போட்டால் பத்துக் குதிரைத்திறன் கூடும், பெட்ரோல் எண்ணெயும் மிச்சமாகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்? நானே பொருத்த முடியுமா?"

தம்பி, பத்துக் குதிரை கூடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் காரின் மொத்தச் சக்தியே 102 குதிரைத்திறன்தான். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத 1.5 லிட்டர் எஞ்சினில் வெறும் குழாயை மாற்றிப் பத்து சதவீதம் எடுக்க முடியுமென்றால், தயாரித்தவர்களே அதை எடுத்துவிட்டு விளம்பரத்தில் போட்டிருப்பார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 1.5 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடினால், அதிகபட்சம் 4,500 லிட்டர் காற்று. 200 லிட்டர் எண்ணெய் டிரம் 22-ஐக் காலி செய்வது போல. கேட்கப் பெரிதாக இருந்தாலும், கம்பெனிப் பெட்டிக்குள் இருக்கும் காகித ஃபில்டர் சுத்தமாக இருக்கும்வரை இந்த அளவுக்குத் தாராளமாக வழிவிடும். ரவாங்கிலிருந்து வரும்போது நீங்கள் எத்தனை முறை 6,000 தொடுகிறீர்கள்? ஜாலான் கூச்சிங் நெரிசலில் 1,500-ஐத் தாண்டினாலே பெரிய விஷயம்.

காற்றின் அளவைவிட முக்கியம் அதன் வெப்பம். 30 டிகிரிக் காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்துவிடும். ஆக்சிஜன் குறைகிறது, அதற்கேற்பக் காரின் கணினி பெட்ரோலையும் குறைக்கிறது, இழுவை போய்விடுகிறது. பொனட்டைத் திறந்து உங்கள் காற்றுப் பெட்டியின் வாய் எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது ரேடியேட்டருக்கு மேலே, முன் கிரில் பக்கம் நீண்டிருக்கும். வெளிக்காற்றைக் குடிப்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டு எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டினால், ரேடியேட்டர் விசிறி தள்ளும் அனலைத்தான் அது இழுக்கும். காசு கொடுத்து அனலை வாங்குவது என்று எங்கள் பட்டறையில் சொல்வோம்.

என் பேச்சை நம்ப வேண்டாம். காரின் கணினியைப் படிக்க உதவும் ஓபிடி துளையில் செருகும் சிறிய புளூடூத் கருவி மலிவாகவே கிடைக்கும். கைப்பேசியில் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையைக் காட்டும். ஒரு வாரம் இப்போதிருக்கும் பெட்டியோடு ஓட்டி எண்களைக் குறித்து வையுங்கள். ஓப்பன் ஃபில்டர் போட்ட நண்பரின் காரிலும் அதே சாலையில், அதே நேரத்தில் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு வண்டி சிகாம்புட் சிக்னலில் நிற்கும்போது 60-ஐத் தாண்டியது. ஓட ஆரம்பித்ததும் இறங்கியது, அதையும் சொல்லிவிட வேண்டும். காராக் நெடுஞ்சாலையில் காற்று அடிக்கும்போது ஓப்பன் ஃபில்டர் மோசமில்லை. ஆனால் நீங்கள் தினமும் காராக் போவதில்லையே.

எண்ணெய் மிச்சம் என்பதும் கணினி இல்லாத கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் சோதித்தபோது, கணினி பெட்ரோலை அளந்து தெளிக்கும் இக்காலத்து இன்ஜெக்‌ஷன் கார்களில் ஃபில்டர் அடைத்திருந்தால்கூட எண்ணெய்ச் செலவு பெரிதாக மாறவில்லை. வேகமெடுப்பதுதான் மந்தமானது. அடைத்த ஃபில்டரே எண்ணெயைக் குடிக்கவில்லை என்றால், திறந்த ஃபில்டர் எங்கிருந்து மிச்சப்படுத்தும்?

சத்தம் மட்டும் உண்மை. பெட்டியோடு சேர்ந்திருக்கும் காலி அறை உறிஞ்சும் ஓசையை அடக்குவதற்காக வைத்தது. அது போனால் மிதிக்கும்போது 'ஹூம்' என்று உறுமும். அதற்காகத்தான் ஆசை என்றால் தப்பில்லை, எனக்கும் உங்கள் வயதில் அந்த ஆசை இருந்தது. வேகம் கூடியதாக மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். காது ஏமாற்றும்.

இன்னொரு வகை, ஃபில்டரோடு பம்பருக்குள் இறங்கும் நீளக் குழாய். அது குளிர்ந்த காற்றைத் தரும், உண்மைதான். ஆனால் நம் ஊர் மழையை யோசியுங்கள். கோலாலம்பூர் வெள்ளநீரைத் திருப்பிவிடும் ஸ்மார்ட் சுரங்கம் 2007-இல் திறந்தும், மாலையில் ஒரு மணி நேரம் கொட்டினால் சில சாலைகளில் தண்ணீர் பம்பரைத் தொடுகிறது. தண்ணீரை அமுக்க முடியாது. ஒரு குவளை உள்ளே போனால் போதும், பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். அப்படி வளைந்த ஒன்றை என் மேசையில் வைத்திருக்கிறேன், வாழைக்காய் மாதிரி இருக்கும். தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. வெள்ளச் சேதத்துக்குத் தனியாகப் பாதுகாப்பு சேர்த்திருக்க வேண்டும், வழக்கமான முழுக் காப்புறுதியில் அது வராது.

ஆகவே என் யோசனை: கம்பெனிப் பெட்டியை அப்படியே வையுங்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் அதே பெட்டிக்குள் உட்காரும் துவைக்கக்கூடிய பஞ்சு ஃபில்டர் போடுங்கள். காகிதத்தைவிட நுண்தூசியைக் கொஞ்சம் கூடுதலாக விடும், புகைமூட்டக் காலத்தில் அடிக்கடி கழற்றிப் பாருங்கள். துவைத்த பிறகு ஃபில்டருக்கான எண்ணெயை மிதமாகத் தடவுங்கள். ஒரு பையன் அதைச் சொட்டச் சொட்ட ஊற்றிப் போட்டுவிட்டான். காற்றை அளக்கும் சென்சரின் கம்பியில் எண்ணெய் படிந்து, சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் ஏறி இறங்கித் தள்ளாடியது. சென்சர் கிளீனர் அடித்ததும் சரியானது, பையனுக்குத்தான் இரண்டு நாள் வேலை போனது.

இல்லை, ஓப்பன்தான் வேண்டும் என்றால் வெப்பத் தடுப்புத் தகடோடு வருவதை எடுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். காற்றுக் குழாயில் சென்சர் இருந்தால் அதன் பிளக்கைக் கிளிப்பை அமுக்கி எடுங்கள், வயரை இழுக்காதீர்கள். எஞ்சினுக்குள் காற்று நுழையும் திராட்டில் வாயில் உடனே சுத்தமான துணியைச் சொருகுங்கள், ஒரு திருகு உள்ளே விழுந்தால் அன்றைய ஞாயிறு முடிந்தது. சென்சரில் அம்புக்குறி இருந்தால், அது எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும்.

எல்லோரும் மறப்பது எஞ்சின் மூச்சுவிடும் சின்ன ரப்பர் குழாய். பழைய குழாயில் அது எங்கே சேர்ந்திருந்ததோ, புதியதிலும் அதேபோல், சென்சர் இருந்தால் அதற்குப் பிறகு, சேர வேண்டும். தொங்கவிட்டால் அளக்காத காற்று உள்ளே போய் எஞ்சின் விளக்கு எரியலாம். எஞ்சின் தன்னைத் தாங்கும் ரப்பர் மவுண்டின் மேல் ஆடும், ஆகவே குழாய் எதிலும் உரசாமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு கிளிப்புகளை மறுபடி இறுக்குங்கள்.

வாரண்டி ஐந்து வருடம் அல்லது 150,000 கிலோமீட்டர். அது முடியும்வரை சர்வீஸ் சென்டரில் கேட்காமல் கை வைக்காதீர்கள், காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். பழைய பெட்டியையும் அதன் கிளிப், ரப்பர் புஷ் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி வீட்டில் வையுங்கள். விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.