வலி விட்டு விட்டு வருகிறதா, விடாமல் இருக்கிறதா?

கேள்வி: என் அம்மாவுக்கு 48 வயது. முக்கூடலில் பீடி சுற்றுகிறார். இரண்டு சிசேரியன், 7 வருடத்துக்கு முன்பு கர்ப்பப்பை நீக்கம். கடந்த இரண்டு வருடத்தில் மூன்று முறை குடல் அடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பழைய ஆபரேஷனால் குடல் ஒட்டியிருக்கிறது என்றார்கள். மூன்று முறையும் மூக்கில் டியூப் போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, சரியானதும் அனுப்பிவிட்டார்கள். கடைசியாக வந்தது பொங்கலுக்கு மறுநாள், பனங்கிழங்கு சாப்பிட்ட பிறகு. இப்போது பயத்தில் கஞ்சி மட்டும்தான் குடிக்கிறார். 6 கிலோ குறைந்துவிட்டார். கடைவாய்ப் பற்களும் இல்லை. வயிற்றில் சத்தம், ஏப்பம், வாய்க்கசப்பு, தழும்பில் அரிப்பு எல்லாம் இருக்கிறது. ஒட்டு வளர்ந்துகொண்டே போகும், குடல் அழுகும், வயிற்றில் பை வைப்பார்கள், கேன்சராகும் என்றெல்லாம் இணையத்தில் இருக்கிறது. குனிந்து உட்கார்ந்து பீடி சுற்றுவதால்தான் வருகிறதா? ஒட்டைக் கரைக்க மாத்திரை உண்டா? ஒரேயடியாக ஆபரேஷன் செய்துவிடலாமா? ஆடி அமாவாசைக்குக் காரையாறு மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போகலாமா? நான் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். வலி வந்தாலும் அம்மா சொல்லவே மாட்டார்.
வாசகி, முக்கூடல்

பதில்: கடைசி வரியில்தான் உங்கள் கேள்வி இருக்கிறது. நீங்கள் ஹாஸ்டலில் இருக்கும்போது அடுத்த அடைப்பு வந்து, அம்மா அதை மறைத்து, காலம் கடந்துவிடுமோ என்பதுதானே பயம்? முதலில் அதைப் பார்ப்போம். மற்றதெல்லாம் அப்புறம்.

ஒட்டினால் வருகிற அடைப்பில் பெரும்பாலானவை கத்தி வைக்காமலே விலகிவிடும். அம்மாவுக்கு மூன்று முறையும் விலகியது அப்படித்தான். சில சமயம் மட்டும் குடலின் வளைவு ஒன்று நாடா போல இருக்கிற அந்த ஒட்டுக்கு அடியில் நுழைந்து சிக்கிக்கொள்ளும், அல்லது முறுக்கிக்கொள்ளும். அப்போது அதற்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயும் சேர்ந்து நெரிபடும். 'குடல் அழுகும்' என்று நீங்கள் படித்தது இதைத்தான். அங்கே அவகாசம் மணிக்கணக்கில்தான். 'காலையில் பார்க்கலாம்' என்று படுக்க முடியாது.

இரண்டையும் வீட்டில் இருப்பவர் பிரித்துப் பார்க்க முடியுமா? ஓரளவு முடியும். வலியின் போக்கைக் கவனிக்க வேண்டும். சாதாரண அடைப்பில் தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும், ஆள் சுருண்டுகொள்வார். கொஞ்ச நேரத்தில் விடும். எழுந்து உட்காருவார், பேசுவார், மின்விசிறியைப் போடச் சொல்வார். சில நிமிடம் கழித்து மறுபடி பிடிக்கும். அடைத்த இடத்தைத் தள்ளித் திறக்கக் குடல் பாடுபடுகிற வலி அது. நெரிபடுகிற குடலில் இந்த இடைவெளி போய்விடும். வலி விடாமல் நிற்கும். சேலைக் கொசுவம் உரசினால்கூடத் தாங்காது. இருமப் பயப்படுவார். யாராவது கட்டிலில் வந்து உட்கார்ந்தாலே முகம் சுளிப்பார். நாடி பிடித்துப் பார்த்தால், சும்மா படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டி ஓடும். காய்ச்சல் வரலாம், வராமலும் இருக்கலாம். தெர்மாமீட்டரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

விட்டு விட்டு வந்த வலி விடாத வலியாக மாறினால், அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடுங்கள். இரவு 2 மணியாக இருந்தாலும் சரி, பீடிக் கடையில் கணக்கு முடிக்கிற நாளாக இருந்தாலும் சரி. முன்பு அடைப்பு வந்தவருக்கு வலி சட்டென்று நின்று, ஆள் வியர்த்து, பேச்சில்லாமல் சோர்ந்து கிடந்தால் 'வலி விட்டுவிட்டது' என்று சந்தோஷப்பட வேண்டாம். அதுவும் ஓட வேண்டிய நேரம்தான்.

அதற்காக, விட்டு விட்டு வந்தால் வீட்டிலேயே இருக்கலாம் என்று அர்த்தம் இல்லை. வயிறு உப்பி, வாந்தி வந்து, வாயு பிரியாமல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வாந்தி முதலில் சாப்பாடாக வரும், பிறகு பச்சையாகவோ மஞ்சளாகவோ பித்தமாக வரும், கடைசியில் பழுப்பாக நாற்றத்தோடு வரும். கடைசிக் கட்டம் வரை வீட்டில் வைத்திருந்துவிட்டுக் கூட்டிவருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேட்டால், "காலைல வெளிக்குப் போனாங்க டாக்டர், அதான் அடைப்பு இருக்காதுன்னு நெனச்சோம்" என்பார்கள். அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருந்த மலம் வெளியே வரத்தான் செய்யும். பாதி அடைப்பில் பேதிகூட ஆகும். வாயு தாராளமாகப் பிரிகிறதா என்பதுதான் அதைவிட நல்ல அடையாளம்.

போனில் "வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்காதீர்கள். "லேசாத்தான் இருக்கு, நீ படி" என்றுதான் பதில் வரும். "நடுவுல விடுதா, விடாம இருக்கா? வாயு பிரிஞ்சுதா? வாந்தி என்ன நிறம்?" என்று கேளுங்கள். இதற்கு மழுப்பிப் பதில் சொல்வது கஷ்டம். அம்மாவோடு வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்களில் ஒருவரிடமும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். மடியில் இருக்கிற சுளகை, வெட்டிய இலை பாதி அப்படியே கிடக்க, கீழே இறக்கிவைத்துவிட்டு எழுந்து போனால், என்ன ஏது என்று கேட்க வேண்டும், உங்களுக்குப் போன் செய்ய வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிற கை அவ்வளவு லேசில் வேலையை நிறுத்தாது.

இப்போது கொஞ்சம் கோபம். கடிதத்தோடு அனுப்பியிருந்த காகிதத்தில், ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பு என்னவெல்லாம் செய்தீர்கள் என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். ஓம வாட்டர். கோலி சோடா. பக்கத்துத் தெருவில் வயிறு உருவிவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் ஒரு பேதி மாத்திரை, அது கேட்காததால் ஒரு ஊசி. ஓம வாட்டர் பாவம், எதுவும் செய்யாது. சோடா உப்பிய வயிற்றை இன்னும் உப்ப வைக்கும். பேதி மாத்திரையும் விளக்கெண்ணெயும், முன்னால் வழி இல்லாத குடலைப் பின்னாலிருந்து சாட்டையால் அடிக்கிற வேலையைச் செய்யும். முழு அடைப்பாக இருந்தால் குடல் ஓட்டையாகக்கூடும். உருவுவது, தொக்கம் எடுப்பது எல்லாம் இவருக்கு அறவே கூடாது. எல்லாவற்றிலும் மோசம் அந்த ஊசிதான். முறுக்குவலியை அடக்குகிற மருந்து குடலின் அசைவையும் குறைக்கிறது, வலி விடுகிறதா, விடாமல் நிற்கிறதா என்று நான் மேலே சொன்ன அடையாளத்தையும் மறைத்துவிடுகிறது. வலி அடங்கிவிட்டது என்று ஆறு மணி நேரம் வீட்டில் படுத்திருந்திருக்கிறார். அந்த ஆறு மணி நேரத்தில் உள்ளே என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்?

லேசான முறுக்கல், வாந்தி இல்லை, வாயு பிரிகிறது என்றால் கெட்டிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு வடிகஞ்சி, நீர்மோர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து சில மணி நேரம் பார்க்கலாம். வாந்தி வந்தால் அதையும் நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். ஊரில் பக்கத்தில் இருக்கிற டாக்டரிடம் முதலில் காட்டுவதில் தவறில்லை. ஆனால் போய்ச் சேர வேண்டியது சிடி ஸ்கேனும், இரவிலும் ஆபரேஷன் செய்ய சர்ஜனும் உள்ள இடம். உங்கள் ஊருக்கு அது பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே பையில் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மூன்று முறை வந்த அடைப்பு என்று முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்தால் வேலை வேகமாக நடக்கும்.

அங்கே என்ன செய்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும். மூக்கு வழியாகப் போடுகிற டியூப் தேங்கிய நீரை வெளியே எடுத்து வயிற்றை இறக்கும். டிரிப்ஸில் நீரும் உப்பும் போகும். பொட்டாசியம் குறைந்தால் குடல் இன்னும் சோம்பிவிடும், அதனால் ரத்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள், அலுத்துக்கொள்ளாதீர்கள். சில இடங்களில் டியூப் வழியாக ஒரு சாய மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுக்கிறார்கள். 24 மணி நேரத்துக்குள் அது பெருங்குடலைத் தொட்டுவிட்டால் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும். அந்த வசதி இருக்கிறதா என்று கேட்கலாம். இரண்டு மூன்று நாளாகியும் விலகாவிட்டால் ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள். விடாத வலி என்றால் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார்கள்.

சரி, மற்றவை. வயிற்றுச் சத்தம், ஏப்பம், வாய்க்கசப்பு, தழும்பு அரிப்பு: விடுங்கள். ஒட்டு கேன்சராக மாறாது. அது தழும்புத் திசு, அவ்வளவுதான். ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களிலேயே உருவாகத் தொடங்கி, பிறகு நிலைத்துவிடும். காடு போல வளர்ந்துகொண்டே போவதில்லை. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உள்ளே ஏதாவது ஒட்டு இருக்கும். பலருக்கு அது இருப்பதே வாழ்நாள் முழுக்கத் தெரியாது. குனிந்து பீடி சுற்றுவதால் ஒட்டும் வராது, அடைப்பும் வராது. இடுப்பும் கழுத்தும் நோகும், புகையிலைத் தூள் நெஞ்சுக்கு ஆகாது, அது தனிக்கதை. ஒட்டைக் கரைக்கும் மாத்திரை என்று எதுவும் கிடையாது. வீக்கத்துக்கு விற்கிற என்சைம் மாத்திரையை இதற்கும் சாப்பிடலாம் என்று வீடியோ போடுகிறவர்கள் உங்கள் அம்மாவின் வயிற்றைப் பார்த்தவர்கள் இல்லை. பை வைப்பார்களா என்றால், சிறுகுடலில் ஒரு துண்டை எடுக்க நேர்ந்தாலும் பெரும்பாலும் இரு முனைகளையும் அங்கேயே சேர்த்துத் தைத்துவிடுவார்கள். பல அடி நீளமான குடலில் ஓர் அடி போனால் வித்தியாசம் தெரியாது.

எடைக் குறைவை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. கஞ்சி மட்டும் குடித்தால் யாருக்கும் எடை குறையும் என்பது உண்மைதான். ஆனால் மூன்றாவது அடைப்புக்குப் பிறகு, இது ஒட்டு மட்டும்தானா என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் குடல் காசநோயும் இப்படியே வரும். சாயங்காலக் காய்ச்சல் உண்டா என்று கேளுங்கள். பழைய தழும்பிலோ தொடை இடுக்கிலோ சின்ன வீக்கம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தொடை இடுக்குக் குடலிறக்கம் பெண்களுக்கு வரும், கூச்சத்தில் காட்டாததால் தவறவிடுகிறோம். அடைப்பு இல்லாத சமயத்தில் ஒரு நாள் சர்ஜன் ஓ.பி.க்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பெண் டாக்டர் இருந்தால் நல்லது.

ஆபரேஷன் பற்றியும் அன்றைக்கே பேசுங்கள். இதுவரை சர்ஜன்கள் செய்யாமல் அனுப்பியது அலட்சியத்தால் இல்லை. ஒட்டைப் பிரிக்க வயிற்றைத் திறந்தால் அந்தக் காயத்திலிருந்தே புது ஒட்டு உண்டாகும். சிறு துளை வழியாகச் செய்கிற லேப்ராஸ்கோபியில் இது குறைவு, ஆனால் ஒட்டிக் கிடக்கிற வயிற்றில் கருவியை நுழைக்கும்போது குடலில் காயம் படுகிற ஆபத்து இருக்கிறது. ஒரே ஒரு நாடாதான் காரணம் என்று ஸ்கேனில் தோன்றினாலோ, அடைப்பு இன்னும் அடிக்கடி வந்தாலோ செய்வதில் நியாயம் உண்டு. "ஒரேயடியாக" என்ற வார்த்தையை மட்டும் எந்த சர்ஜனும் உங்களுக்கு எழுதித் தர மாட்டார்.

சாப்பாட்டில் எனக்குக் கண்ணில் பட்டது கடைவாய்ப் பல். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். பனங்கிழங்கின் நாரை மெல்லப் பல் இல்லாமல் முழுங்கினால், குறுகலான இடத்தில் அது திரண்டு நிற்கும். பல் செட் கட்டுங்கள், இந்த மாதமே. பனங்கிழங்கு, வாழைத்தண்டு, தேங்காய்ச் சில்லு, பலாச்சுளை, ஆரஞ்சுச் சுளையின் தோல், காளான் வேண்டாம். முருங்கைக்காயை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பட்டும். மற்றபடி இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, காய்களை மசித்துவிட்ட சொதி, பருப்பு, முட்டை, முள் நீக்கிய மீன், தயிர், வாழைப்பழம், தோல் உரித்த நுங்கு எல்லாம் சாப்பிடலாம். மூன்று வேளையை ஐந்தாறு சிறு வேளையாகப் பிரித்துக்கொள்ளட்டும். சர்க்கரை நோய் இல்லை என்றால் அல்வாவும் சாப்பிடலாம். கஞ்சி மட்டும் குடித்து ஆளே இளைத்துப்போனால், நாளைக்கு ஆபரேஷன் தேவைப்படும்போது தாங்க உடம்பில் ஒன்றும் இருக்காது. இத்தனையும் பார்த்துச் சாப்பிட்டும் அடைப்பு வரலாம். வந்தால், "என்னத்த தின்னே?" என்று அவரைத் திட்டாதீர்கள். அப்புறம் அடுத்த முறை வலியையும் மறைப்பார்.

காரையாறுக்குத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். சொரிமுத்து அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு, அன்று சாயங்காலமே இறங்கிவிடுங்கள். குடில் போட்டு இரவு தங்குவது இந்த வருடம் வேண்டாம், நடுராத்திரியில் மலைப்பாதையில் வண்டி தேட முடியாது. கிடாக்கறி சாப்பிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சவ்வு, நரம்பு நீக்கி, பஞ்சாக வெந்த கறியாக இருந்தால் சாப்பிடட்டும். பல் செட் வந்த பிறகு.