மூட்டையில் இருக்கிறது, மரத்தில் இருக்கிறதா?

கேள்வி: இப்படியே பெயர்த்தெடுத்தால் கொல்லிமலையில் முடவாட்டுக்கால் மிஞ்சாது என்று எழுதியிருந்தீர்கள். இந்தியா, இலங்கை தொடங்கி ஆஸ்திரேலியா வரை காணப்படும் பெரணி அது. மலைமேல் கடைக்குக் கடை குவித்து வைத்திருக்கிறார்கள். ஆன்லைனிலும் விற்கிறது. எதற்கு இந்தப் பூச்சாண்டி?
(வாசகர் ஒருவர், சேலம்)

பதில்: ஆஸ்திரேலியா வரை இருப்பது உண்மைதான். அதனால் கொல்லிமலைக்கு என்ன லாபம்? எந்த உயிரினம் அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று சிவப்புப் பட்டியல் போடுகிறவர்கள் ஓர் இனத்தை அது பரவியிருக்கும் நிலப்பரப்பு முழுவதும் வைத்துத்தான் தரம் பிரிப்பார்கள். நாமக்கல் மாவட்டத்து மலை ஒன்றில் அது மொத்தமாகத் துடைக்கப்பட்டாலும் அந்தத் தரம் அசையாமல் இருக்கலாம்.

அப்புறம், கடைக் குவியல். அது காட்டில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைச் சொல்லாது, காட்டிலிருந்து எவ்வளவு வெளியே வந்துவிட்டது என்பதைத்தான் சொல்லும். நீங்கள் எனக்கு எதிராகக் காட்டும் சாட்சி என் பக்கம்தான் பேசுகிறது.

கிழங்கு என்று கேட்டு வாங்குகிறோம். மரவள்ளி மாதிரி நட்டுப் பறிக்கும் சமாச்சாரம் இல்லை இது. மரப்பட்டையிலும் பாறையிலும் ஒட்டி ஊர்ந்து வளரும் தண்டு. பழுப்பு ரோமம் போர்த்திக் கிடப்பதால்தான் ஆட்டுக்கால் போலத் தெரிகிறது. இந்தச் செடியில் இரண்டு வகை இலை. நீண்ட பச்சை இலைகள் ஒன்று. தண்டை ஒட்டி, காய்ந்த காகிதம் போல நிற்கும் குட்டை இலைகள் இன்னொன்று. அந்தக் குட்டை இலைகளுக்குள் சருகும் தூசியும் சேர்ந்து மக்கிச் செடிக்கு உரமாகின்றன. மண்ணே இல்லாத இடத்தில் தனக்கு வேண்டிய மண்ணைத் தானே சேர்த்துக்கொள்ளும் செடி. தண்டைப் பெயர்த்தால் அந்தச் சேமிப்பும் சேர்ந்து உதிர்ந்துவிடும்.

பூவும் விதையும் இதற்குக் கிடையாது. இலையின் அடிப்புறத்திலிருந்து வித்துத்தூள் காற்றில் பறந்து, ஈரமான பட்டையிலோ பாறையிலோ விழ வேண்டும். அங்கே ஒரு சின்னப் பச்சைத் துணுக்காக முளைக்க வேண்டும். அதன்மேல் நீர்ப்படலம் இருந்தால்தான் ஆணணு நீந்திப் போய்ப் பெண்ணணுவைச் சேரும். அதற்குப் பிறகுதான் கன்று. இவ்வளவும் கைகூடி வந்த தண்டைக் கொதிக்கவைத்து ‘சைவ ஆட்டுக்கால் சூப்’ என்று ஒரு டம்ளரில் தருகிறார்கள். குடித்தால் மூட்டுவலி போகுமா என்பதை மருத்துவர் பக்கத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரைக் குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம். வீட்டுத் தேவைக்கு எடுப்பதால் காடு காலியாவதில்லை. யூடியூப் பார்த்துவிட்டு 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, கிலோக் கணக்கில் வாங்கி வருகிற நாம்தான் ஆளுக்கொரு மூட்டையைக் காலி செய்கிறோம்.

விற்கவே கூடாது என்றும் சொல்லவில்லை. நுனிமொட்டுள்ள துண்டை வெட்டி மரத்தில் கட்டிவிட்டால் இது பிடித்துக்கொள்ளும். கொல்லிமலையில் பலா மரங்களுக்கும் மிளகு படரும் சில்வர் ஓக் மரங்களுக்கும் பஞ்சமில்லை. தோட்டத்தில் வளர்த்து விற்கட்டும், நானும் வாங்குகிறேன். அடுத்த முறை போகும்போது இது தோட்டத்துச் சரக்கா, காட்டுச் சரக்கா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். பதிலை இதே பக்கத்தில் போடுகிறேன்.