2025 மார்ச் மியான்மர் நிலநடுக்கத்துக்குக் கோத்தகிரியிலிருந்து மருந்து சேகரித்து அனுப்புவது எப்படி?

எங்கள் ஊர்ச் சங்கத்தில் மருந்து, பேண்டேஜ், கம்பளி சேர்த்து வைத்திருக்கிறோம், எந்த வழியில் அனுப்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பொருள் சேர்ப்பதை இன்றே நிறுத்திவிட்டுப் பணமாகத் திரட்டுங்கள். உதவ வருகிறவர்களை விரட்டுகிறேன் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள், தெரியும். அதனால் காரணத்தை முழுதாகவே எழுதுகிறேன்.

1988 டிசம்பரில் ஆர்மேனியாவின் ஸ்பிடாக் நகரை நிலநடுக்கம் அழித்தபோது 5,000 டன் மருந்தும் மருத்துவப் பொருளும் வந்து குவிந்தன. என்ன வந்திருக்கிறது என்று கணக்கெடுக்கவே 50 பேருக்கு ஆறு மாதம் பிடித்தது. வந்ததில் 8 சதவீதம் ஏற்கெனவே காலாவதி. 4 சதவீதம் உறைபனியில் கெட்டது. மீதியில் இன்ன மருந்து என்று சுலபமாக அடையாளம் காண முடிந்தது 30 சதவீதம்தான். இதுபோன்ற அனுபவங்களுக்குப் பிறகுதான் உலக சுகாதார நிறுவனம் மருந்து நன்கொடைக்கு விதிமுறை வகுத்தது. போய்ச் சேரும் நாளில் குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும், மருந்தின் பொதுப்பெயர் லேபிளில் இருக்க வேண்டும், நோயாளியிடமிருந்து திரும்பி வந்த மாத்திரையும் டாக்டருக்குக் கொடுத்த சாம்பிளும் கூடவே கூடாது. வீடு வீடாகச் சேர்த்த பாதி அட்டை மாத்திரைகள் இதில் எதிலும் தேறாது.

அங்கே உண்மையில் தேவைப்படுவது என்ன என்று பாருங்கள். இடிபாட்டில் பல மணி நேரம் கால் நசுங்கிக் கிடந்தவரின் தசை செத்துப்போகிறது. கல்லைத் தூக்கிய உடனே அந்தத் தசையிலிருந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற புரதமும் ரத்தத்தில் பாய்கின்றன. முதலாவது இதயத்தை நிறுத்தும், இரண்டாவது சிறுநீரகத்தை அடைக்கும். பேசிக்கொண்டிருந்தவர் வெளியே எடுத்த சில நிமிடங்களில் இறந்துபோவது இதனால்தான். ஆகவே கல்லை நகர்த்தும் முன்பே, கைக்கு எட்டும் ஏதாவது ஒரு நரம்பில் சலைன் ஏற்றத் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு முதலில் மணிக்கு ஒரு லிட்டர், இரண்டு மணி நேரம் கழிந்ததும் அதில் பாதி. சாதாரண 0.9 சதவீத சலைன்தான் ஏற்ற வேண்டும். ரிங்கர் லாக்டேட் என்று நரம்பில் ஏற்றும் இன்னொரு திரவத்தில் பொட்டாசியம் இருப்பதால் அது இங்கே ஆபத்து. ஒரு நோயாளிக்கே ஒரு நாளில் அரை லிட்டர் பாட்டில் ஆறு முதல் பன்னிரண்டு வரை போகும். இந்த எடையை மலையிலிருந்து இறக்கி, விமானத்துக்குக் கட்டணம் கட்டி அனுப்பும் செலவில் பக்கத்து நாட்டிலேயே பல மடங்கு வாங்கலாம்.

சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்கு டயாலிசிஸ். 1999 துருக்கி நிலநடுக்கத்தில் இப்படிச் சிறுநீரகம் பாதித்த 639 பேரில் 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றுக்குச் சுத்திகரித்த தண்ணீர் சுமார் 120 லிட்டர் வேண்டும். குழாயும் மின்சாரமும் இல்லாத ஊரில் அதற்கு ஜெனரேட்டர், டீசல், வடிகட்டும் இயந்திரம் எல்லாம் வேண்டும். உங்கள் பணம் போய் நிற்க வேண்டிய இடம் இது.

காயங்களிலும் அப்படித்தான். மண் புகுந்த காயத்தை முதல் நாளே தைத்து மூடினால் உள்ளே சீழ் பிடித்துக் காலையே எடுக்க நேரும். செத்த சதையை வெட்டிக் கழுவித் திறந்தே வைத்து, மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் தைப்பார்கள். அதற்கு மயக்க மருந்தும் ஆபரேஷன் அறையும் எலும்பை வெளியிலிருந்து பிடிக்கும் கம்பிச் சட்டங்களும் வேண்டும். ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஊட்டிக் குளிரில் தானாகவே நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: அந்த ஊசி உறைந்தாலும் கெட்டுவிடும்.

கம்பளி விஷயம். ஏப்ரலில், நிலநடுக்கம் தாக்கிய மாண்டலேயில் வெயில் 40 டிகிரியைத் தொடும். 2023 பிப்ரவரி துருக்கி நிலநடுக்கத்தின்போது பனி கொட்டியது, அங்கே கம்பளிக்கு வேலை இருந்தது. மியான்மரில் நிழலும் தண்ணீரும்தான் தேவை.

பணம் அனுப்புவதில் கவனிக்க வேண்டியவை. தனிநபர் வங்கி மூலம் வெளிநாட்டு அமைப்புக்கு நன்கொடை அனுப்ப ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் இடம் உண்டு, பான் எண் வேண்டும். சங்கத்துக்கோ அறக்கட்டளைக்கோ அந்தத் திட்டம் கிடையாது. எனவே சங்கப் பணத்தை இந்தியாவில் பதிவான அமைப்பு ஒன்றிடம்தான் கொடுக்க வேண்டும். இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்பிடம் இந்த நிலநடுக்கத்துக்கு நிதி பெறுகிறார்களா என்று முதலில் கேளுங்கள். நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பொருளாகக் கொடுத்தால் அந்தச் சலுகை இல்லை, புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கும் இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் அமைப்பின் பெயர் வர வேண்டும். தனியாள் பெயர் வந்தால் அனுப்பாதீர்கள். எல்லாவற்றையும் முதல் வாரமே கொடுத்துத் தீர்த்துவிடவும் வேண்டாம். கம்பியைக் கழற்றுவது, செயற்கைக் கால் பொருத்துவது, நடக்கப் பழக்குவது எல்லாம் மாதக்கணக்கில் நீளும். அப்போது யாரும் கொடுப்பதில்லை.

உங்கள் ஊர் நர்ஸ் பிள்ளைகள் கிளம்பிப் போகலாமா என்றால், தனியாகக் கூடாது. இந்திய ராணுவம் மாண்டலேக்கு அனுப்பிய 118 பேர் கொண்ட மருத்துவக் குழுவைப்போலக் கூடாரம், மருந்து, கருவி எல்லாவற்றோடும் போகும் குழுவில் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கட்டும். தனியாகப் போகிறவர் அங்கே சோறும் இடமும் தேட வேண்டிய இன்னொரு ஆள்.

ரத்த முகாம் நடத்துங்கள், ஆனால் நம் மலைக்காக. ரத்தச் சிவப்பணு 35 முதல் 42 நாள்தான் தாங்கும், மியான்மருக்குப் போகாது. இங்கே தேவை இருக்கிறது. இதையும் சொல்லாமல் விட முடியவில்லை: சீசனில் குன்னூர் மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் சைரன் போட்டபடி வண்டிகளுக்கு நடுவே நிற்கிறது. தலையில் அடிபட்டவரைக் கோயம்புத்தூருக்கு இறக்க வேண்டிய நேரம் கொண்டை ஊசி வளைவிலேயே கரைகிறது. மே மாதக் கூட்டம் வரும் என்று ஆண்டுதோறும் தெரிந்தும் ஆம்புலன்ஸுக்கு ஒரு வழி ஒதுக்க யாருக்கும் மனம் வரவில்லை. தூரத்து ஊருக்கு இரங்கும் நாம் இதற்கும் மனு எழுத வேண்டும்.

ஏற்கெனவே சேர்ந்த மருந்தில், பில்லோடு இருக்கும் பிரிக்காத பெட்டிகளை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள். காலாவதியானதையும் பாதி அட்டைகளையும் மருத்துவமனையின் மருத்துவக் கழிவில் சேர்க்க முடியுமா என்று விசாரியுங்கள். ஓடையில் மட்டும் கொட்டாதீர்கள், கீழே ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) இருப்பவர்கள் அதைத்தான் குடிக்கிறார்கள்.