எழுதாத ஏழு நாள்

அன்புள்ள ஐயா,

நான் வவுனிக்குளம் பக்கம், முன்பள்ளி ஆசிரியை. உங்கள் குறிப்புகளைப் படித்துவிட்டு, நாலு வருடமாகக் குளக்கட்டில் காணும் பறவைகளைக் கொப்பியில் எழுதி வருகிறேன். முதல் இருந்த ஆசை இப்போது இல்லை. ஒருவரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்பவர்களும் "இதில என்ன வரும்?" என்றுதான் கேட்கிறார்கள். விடிய முதல் கட்டுப் பக்கம் போகாதே என்று அம்மா ஒவ்வொரு நாளும் பேச்சு. நல்ல கமரா ஒன்று வாங்கி வீடியோ எடுத்தால் நாலு பேராவது பார்ப்பார்கள் என்கிறாள் தோழி. எந்தக் கமரா வாங்கலாம்? இத்தனை வருடம் நீங்கள் எப்படிச் சலிக்காமல் எழுதுகிறீர்கள்? ஒரு சந்தோஷச் செய்தி: இந்தியாவில் இருந்து வருகிற ஆறுமணிக்குருவி இந்த முறை வழமையை விட வெள்ளன வந்துவிட்டது, ஒக்டோபர் 4. கொப்பிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

பிள்ளை,

நான் சலிக்காமல் எழுதுகிறேன் என்று உமக்கு யார் சொன்னது? நன்றாகச் சலித்திருக்கிறேன். ஊரில் பறவை பார்க்கிறவன் என்று பெயர் எடுத்துவிட்டால் அதன் பிறகு நிம்மதி இல்லை. மாசி பிறந்தால் போன் வரும்: "சுண்டிக்குளத்தில பூநாரை நிக்குதோ? வான் பிடிச்சு வாறம், நிண்டால் சொல்லுங்கோ." பூநாரையை நான்தான் கட்டி வைத்துத் தீனி போடுகிறேன் என்று நினைப்பு. இறகு முறிந்த ஆந்தையைப் பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிட்டுச் சொல்லாமல் போய்விடுவார்கள். சண்டை முடிந்த காலத்தில் பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு குளக்கட்டில் நடந்தவனைக் காவலரணில் என்னென்ன கேட்டிருப்பார்கள் என்று நீரே யோசித்துப் பாரும். வாத்துப் பார்க்கிறேன் என்றால் யார் நம்புவார்?

கிடைத்ததும் உண்டு. ரொறன்ரோவில் இருந்து ஒருவர் எழுதுவார்: "எங்கட குளத்துக்குள்ள ஒரு பட்ட மருது நிண்டது, அதில நத்தை குத்தி நாரை இப்பவும் இருக்குமோ?" நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து, மரம் நிற்கிறது, நாரை இருக்கிறது என்று பதில் போடுவேன். அதற்கு அவர் எழுதும் மறுமொழியை இங்கே போட மாட்டேன், அது அவருக்கும் எனக்கும்.

சரி, இதெல்லாம் கிடக்கட்டும். நீர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து வடிவாக இருக்கிறது. நீலப் பேனை, சிவப்புக் கோடு, ஓரத்தில் சின்னதாக ஒரு மீன்கொத்திப் படம் வேறு. செப்ரெம்பர் 26: கூழைக்கடா 11, நீர்க்காகம், தாழைக்கோழி. அதற்கு அடுத்த வரி ஒக்டோபர் 4: "ஆறுமணிக்குருவி, முதல் குரல்!!" இரண்டு ஆச்சரியக்குறி.

நடுவில் ஏழு நாள் எங்கே பிள்ளை?

அந்த ஏழு நாளும் கட்டுக்குப் போனீரா? போய்க் காது கொடுத்தும் குருவி கூப்பிடவில்லையா? இல்லை, காய்ச்சலில் படுத்துக் கிடந்தீரா? உம்முடைய கொப்பியில் இதற்குப் பதில் இல்லை. குருவி செப்ரெம்பர் 28 அன்றே வந்து உங்கள் வேலி ஓரத்துச் சருகைக் கிளறிக்கொண்டு நின்றிருக்கலாம். ஒக்டோபர் 3 இரவு வந்து இறங்கியிருக்கவும் கூடும். நீர் கேட்ட முதல் நாள் 4 ஆம் திகதி, அவ்வளவுதான் தெரியும். அதை வைத்துக்கொண்டு "வழமையை விட வெள்ளன" என்று எழுதினால் எனக்குக் கோபம் வராதா? அதற்கு முந்திய மூன்று வருடமும் இதே மாதிரித்தான் எழுதி வைத்திருப்பீர் என்றால் வழமை எது என்பதே உமக்குத் தெரியாது.

1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி ஆமியிடம் போன பிறகு அக்கராயன், ஸ்கந்தபுரம் எல்லாம் சனம் நிரம்பி வழிந்தது உமக்குத் தெரிந்திருக்காது, நீர் பிறந்திருக்கவும் மாட்டீர். பற்றரிக்குத் தடை; ரேடியோ கேட்க வேண்டும் என்றால் சைக்கிளைக் கவிழ்த்துவிட்டு ஒருவர் மிதியைச் சுற்ற வேண்டும், டைனமோவில் செய்தி வரும். அந்த நேரத்தில் எங்கள் பக்கத்துக் குளமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரை நாங்கள் அப்பு என்று கூப்பிடுவோம். தண்ணீர் திறந்துவிடும் துருசடியில் அடி குறித்த கம்பம் ஒன்று நீருக்குள் நிற்கும். அவர் காலையில் வந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார், மடியில் இருந்து சீஆர் கொப்பியை எடுப்பார், அடியும் அங்குலமும் எழுதுவார். அந்தக் கணக்கைக் கேட்டு ஒருவரும் வருவதில்லை. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்காத வருடம் அது. கொப்பியில் ஒரே எண் வரிசையாக இறங்கும், அதற்கு நேரே "மழை இல்லை", "மழை இல்லை", "மழை இல்லை". ஒரே எண்தானே அப்பு, மாறுகிற அன்றைக்கு எழுதினால் போதாதோ என்று கேட்டேன். கடதாசி கிடைக்காத காலம், எனக்கு அந்தக் கொப்பியில் ஒரு கண்.

"எழுதாத நாள் மழை பெய்யாத நாள் எண்டு ஆர் சொன்னது? அது நான் வராத நாள். நாளைக்கு இதைப் பாக்கிறவன் அப்பிடித்தான் நினைப்பான்" என்றார். பிறகு, "கொப்பியில கை வைச்சியெண்டால் முறிப்பன்" என்றும் சொன்னார்.

2008 இல் சண்டையில் நாங்கள் இடம்பெயர்ந்து எழும்பியபோது அந்தக் கொப்பிகள் போன இடம் தெரியாது. அவர் சொன்னதை மட்டும் நான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன். வெறும் வரி வேறு, பூச்சியம் வேறு. காணாததை எழுதுகிறவனுக்குத்தான் கண்டதை எழுத உரிமை இருக்கிறது. 2002 இல் தொடங்கிய ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையத்தளத்தில் பட்டியல் போட்டு முடிக்கும்போது, அடையாளம் தெரிந்த பறவைகள் எல்லாவற்றையும் எழுதிவிட்டீரா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று சொன்னால்தான் பட்டியலில் இல்லாத பறவையை அங்கே தேடியும் காணவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியும். 1987 முதல் தை மாதத்தில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும், பறவையே இல்லாத குளத்துக்குப் பூச்சியம் போட்டு அனுப்பலாம். அப்புவுக்கு இது ஒன்றும் தெரியாது, தெரிந்திருக்கவும் தேவையில்லை.

ஆறுமணிக்குருவி எங்கள் குருவி அல்ல. இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டு வாடைக்காற்றோடு இங்கே வருகிறது, சித்திரை அளவில் திரும்பிவிடும். வந்து இறங்கும்போது களைத்துப்போய் வீட்டுச் சுவரிலும் யன்னல் கண்ணாடியிலும் அடிபட்டு விழுவதும் உண்டு. வடக்கில் இருக்கிற எங்கள் காதில்தான் அதன் குரல் முதலில் விழ வேண்டும். அந்தத் திகதியை வருடா வருடம் நேர்மையாக எழுதி வைக்க ஒரு குளத்துக்கு ஒரு ஆள் போதும். உங்கள் குளத்துக்கு நீர்தான். ஒருவரும் கேட்பதில்லை என்று மூக்கைச் சிந்துகிறீரே, குருவி வந்ததை எனக்கு எழுதினீர், நான் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன். இன்னும் எத்தனை பேர் வேண்டும் உமக்கு?

கமரா பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இப்போதைக்கு வாங்காதேயும். வீடியோ எடுக்கிறவர்கள் எடுக்கட்டும், பறவை இல்லாத காலையை அவர்களால் நாலு பேருக்குக் காட்ட முடியாது.

அம்மா சொல்வது சரி. குளக்கட்டில் யானை நிற்கிற காலம், வெளிச்சம் வராமல் போகவே கூடாது. ஆறுமணிக்குருவிக்குக் கட்டு வரை போகத் தேவையும் இல்லை, விடியும்போதும் பொழுது படும்போதும் கிணற்றடியில் நின்றால் கேட்கும். அம்மாவையும் கேட்கச் சொல்லும். நீர் முன்பள்ளிக் கூட்டம், கலியாணவீடு என்று போகிற நாளில் அவர் கேட்டதையோ கேட்காததையோ அவர் கையாலேயே எழுதட்டும், பக்கத்தில் "அம்மா" என்று போட்டால் போதும்.

அந்த ஏழு நாளுக்கு எதிரே இப்போது பூச்சியம் போட்டு நிரப்பிவிடாதேயும், அது பொய்க்கணக்கு. "போகவில்லை" என்று எழுதும். ஏன் போகவில்லை என்பதை எனக்கு எழுதும்.